தாயம் மறுக்கப்பட்ட மகள்: விட்டா சாக்வில்-வெஸ்ட்

தோற்றுவாய்

ஒரு குடி குருதியால் தொடர்கிறதா, பெயரால் தொடர்கிறதா, மண்ணால் தொடர்கிறதா என்னும் வினா மிகப் பழமையானது. ஐரோப்பிய உயர்குடியினர் இம்மூன்றையும் ஒருங்கே காத்துக்கொள்ள முயன்றனர். பட்டமும் மாளிகையும் நிலமும் சிதறாமல் ஒரே கையில் நிலைக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் ஆண்வழித் தலைமகனுக்கே அனைத்தையும் உரியதாக்கினர். அவ்வாறு வகுத்த விதி குடியைக் காத்தது உண்மை. ஆயினும் அக்குடியை எவரினும் மிகுதியாக நேசித்தவரையே அது வாயிலுக்கு வெளியே நிறுத்திய வேளைகளும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞரும் புதினப் படைப்பாளியும் தோட்டக்கலை அறிஞருமான விட்டா சாக்வில்-வெஸ்ட் அவர்களின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். பிறந்த மாளிகை தமக்கு உரியதன்று என்பதை அறிந்தே வளர்ந்து, உரிய காலத்தில் அதனை இழந்து, அவ்விழப்பையே எழுத்தாகவும் மண்ணாகவும் மாற்றியவர் அவர்.

குடிமரபு

இலண்டன் மாநகருக்குத் தென்கிழக்கே, கெண்ட் மாவட்டத்தில், செவனோக்ஸ் என்னும் ஊரையொட்டி நோல் மாளிகை அமைந்துள்ளது. மான்கள் உலவும் பரந்த பூங்காவின் நடுவே சிறு நகரம் போலத் தோன்றும் இம்மாளிகையில் ஆண்டின் நாள்களுக்கு ஈடாக 365 அறைகளும், வாரங்களுக்கு ஈடாக 52 படிக்கட்டுகளும், கிழமைகளுக்கு ஈடாக 7 முற்றங்களும் உள்ளன என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. கேண்டர்பரிப் பேராயர் தாமஸ் பவுச்சியர் 1456ஆம் ஆண்டில் இவ்விடத்தை வாங்கி மாளிகையை எழுப்பத் தொடங்கினார். அடுத்து வந்த பேராயர்களின் உறைவிடமாக இருந்த இதனை, எட்டாம் ஹென்றி மன்னர் பேராயர் கிரான்மரிடமிருந்து தமதாக்கிக்கொண்டார். பின்னர் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் சாக்வில் குடும்பத்துக்கு இதன்மீது உரிமை பிறந்தது.

அவ்வுரிமையைப் பெற்ற தாமஸ் சாக்வில் (1536–1608) அரசியல் வரலாற்றிலும் இலக்கிய வரலாற்றிலும் ஒருசேர இடம்பெற்றவர். இவருடைய தந்தையாரும் எலிசபெத் அரசியின் தாயாரான ஆன் பொலினும் அத்தை மாமன் மக்கள். எனவே அரசிக்கு இவர் உறவினர். இளமையில் தாமஸ் நார்ட்டன் என்பாரோடு இணைந்து இவர் எழுதிய 'கார்பொடக்' என்னும் நாடகம் 1561ஆம் ஆண்டின் இறுதியில் இன்னர் டெம்பிள் சட்ட மன்றத்தில் அரங்கேறியது. எதுகையற்ற ஐஞ்சீர்ப் பாவில் அமைந்த முதல் ஆங்கிலத் துன்பியல் நாடகம் இதுவே என்பர். ஒரு மன்னன் தன் நாட்டை இரு மைந்தர்க்குப் பங்கிட்டுக் கொடுக்க, அப்பங்கீட்டால் குடும்பமும் நாடும் அழிவதே அந்நாடகத்தின் கதை. தாயப் பூசலைக் கருவாகக் கொண்ட நாடகத்தோடு இக்குடியின் இலக்கிய வாழ்வு தொடங்கியது எண்ணத்தக்கது. பிற்காலத்தில் எலிசபெத்தின் தலைமைக் கருவூல அமைச்சராக உயர்ந்த தாமஸ் சாக்வில், 1604ஆம் ஆண்டில் டார்செட் ஏர்ல் பட்டம் பெற்றார். 1608ஆம் ஆண்டில் அரசவைக் கூட்டத்தில் அமர்ந்திருந்தபோதே உயிர்துறந்தார்.

அவர் வழிவந்தோரில் புலவரும் புரவலரும் பலர். ஆறாம் ஏர்லான சார்லஸ் சாக்வில் தாமே கவிஞர். டிரைடன் முதலிய புலவர்களை ஆதரித்தவர். அரசவைக் கவிஞர் பதவியை டிரைடன் இழந்தபோது, அப்பதவியினின்று அவரை விலக்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர் இவரே. அவ்விழப்பை ஈடுசெய்யப் பொருள் தந்தவரும் இவரே. புலவர்களின் ஓவியங்கள் நிறைந்த ஓர் அறை நோல் மாளிகையில் புலவர் கூடம் என்றே வழங்கிவருகிறது. ஏழாம் ஏர்ல் 1720ஆம் ஆண்டில் டியூக் ஆனார். மூன்றாம் டியூக் பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789ஆம் ஆண்டு வரை பாரிசில் பிரித்தானியத் தூதராக இருந்தார். ஓவியர் ரெனால்ட்சின் படைப்புகளைத் திரட்டியவரும் கிரிக்கெட் ஆட்டத்தைப் புரந்தவரும் அவரே.

பெண்வழி வந்த மாளிகை

விட்டாவின் வாழ்க்கையை உணர்ந்துகொள்ள இன்றியமையாத திருப்பம் 1815ஆம் ஆண்டில் நேர்ந்தது. நான்காம் டியூக் 21 வயதில், மணமாகாத நிலையில், அயர்லாந்தில் வேட்டையின்போது குதிரையினின்று வீழ்ந்து இறந்தார். டியூக் பட்டம் ஆண்வழி உறவினர் ஒருவரைச் சேர்ந்து, 1843ஆம் ஆண்டில் அவரோடு அற்றுப்போயிற்று. மாளிகையோ இறந்தவரின் தாயாருக்குப்பின் அவருடைய சகோதரியர் இருவரை அடைந்தது. மூத்தவர் மேரி, இவர் இரண்டாவதாக மணந்தவர், இந்தியாவின் தலைமை ஆளுநராக 1823 முதல் 1828 வரை இருந்த ஆம்ஹர்ஸ்ட் பிரபு ஆவார். அவர் 1857ஆம் ஆண்டில் நோல் மாளிகையிலேயே மறைந்தார். இளைய சகோதரி எலிசபெத் டி லா வார் ஏர்லை மணந்தவர். அவருடைய கணவரின் குடிப்பெயரான வெஸ்ட் என்பதும், அவருடைய பிறந்தகப் பெயரான சாக்வில் என்பதும் 1843ஆம் ஆண்டில் இணைந்து சாக்வில்-வெஸ்ட் என்னும் இரட்டைப் பெயர் உருவாயிற்று.

எலிசபெத்தின் மைந்தர் மார்ட்டிமர் 1876ஆம் ஆண்டில் முதலாம் சாக்வில் பிரபுவாகப் பட்டம் பெற்றார். அப்பட்டம் ஆண்வழியில் மட்டுமே இறங்கத்தக்கது. ஆகவே ஒரு பெண்ணின் வழியாக வந்த மாளிகையே, அடுத்த தலைமுறை முதல் பெண்ணுக்கு உரியதன்று என்னும் கட்டுக்குள் சென்றது. பெண்ணால் காக்கப்பட்ட உரிமை பெண்ணுக்கு மறுக்கப்பட்ட இம்முரணே விட்டாவின் வாழ்வில் முள்ளாயிற்று.

பெப்பிட்டாவின் பெயர்த்தி

மார்ட்டிமருக்குப் பின் 1888ஆம் ஆண்டில் பட்டத்துக்கு வந்தவர் அவருடைய தம்பி லயனல். தூதுப்பணியில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். இளமையில் அவர் உள்ளம் கவர்ந்தவர், ஸ்பெயின் நாட்டு மலாகாவில் எளிய குடியில் பிறந்து ஐரோப்பிய அரங்குகளில் புகழ்பெற்ற பெப்பிட்டா என்னும் நாட்டியப் பெண். பெப்பிட்டாவோ 1851ஆம் ஆண்டிலேயே நாட்டிய ஆசிரியர் ஒருவரை மணந்திருந்தார். அம்மணம் முறிக்கப்படாததால் லயனல் அவரை மணக்க இயலவில்லை. ஆயினும் இருவரும் இல்லறம் போலவே வாழ்ந்து மக்களைப் பெற்றனர். பெப்பிட்டா 1871ஆம் ஆண்டில் மறைந்தார்.

அம்மக்களுள் 1862ஆம் ஆண்டில் பிறந்த விக்டோரியா, பாரிசு நகரக் கன்னிமாடத்தில் வளர்ந்தவர். தந்தையார் 1881ஆம் ஆண்டில் வாஷிங்டனில் பிரித்தானியத் தூதராக அமர்ந்தபோது, அத்தூதரகத்தின் இல்லத்தலைவியாக விருந்தோம்பும் பொறுப்பை ஏற்று, தம் அழகாலும் அறிவாலும் அந்நகரையே ஈர்த்தார். தந்தையாரோடு நோல் மாளிகைக்கு வந்தபின், தம் சிற்றப்பாவின் மகனும் அடுத்த வாரிசுமான லயனல் எட்வர்டை 1890ஆம் ஆண்டில் மணந்தார். அவ்விருவருக்கும் ஒரே மகவாக 1892ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் நோல் மாளிகையிலேயே பிறந்தவர் விக்டோரியா மேரி. தாயாரின் பெயரினின்று பிரித்தறிய விட்டா என்று அழைக்கப்பட்டார்.

இளமை

உடன்பிறந்தார் இல்லாத விட்டாவுக்கு அம்மாளிகையே உடன்பிறப்பாயிற்று. ஓவியக் கூடங்களிலும் ஆளில்லாத படுக்கை அறைகளிலும் விளக்கேந்தித் தனியே நடந்து பழகியவர். முன்னோரின் உருவங்களைப் பெயர்சொல்லி அறிந்தவர். ஆண்பிள்ளைகளின் விளையாட்டையே விரும்பினார். ஆணாகப் பிறந்திருந்தால் இவையனைத்தும் தமக்கே உரியன என்னும் அறிவு இளமையிலேயே அவருள் வேரூன்றியது. 1906க்கும் 1910க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், பதின்பருவத்திலேயே, எட்டுப் புதினங்களும் ஐந்து நாடகங்களும் எழுதினார். அவற்றுள் பல தம் முன்னோரின் கதைகளே. வாழ்ந்து பெற முடியாத உரிமையை எழுதிப் பெறும் முயற்சி அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

நீதிமன்றத்தில் ஒரு குடும்பம்

இரண்டாம் சாக்வில் பிரபு 1908ஆம் ஆண்டில் மறைந்தார். உடனே அவருக்கும் பெப்பிட்டாவுக்கும் பிறந்த மைந்தர் ஹென்றி, தம் பெற்றோர் முறைப்படி மணந்தவர்களே என்றும், எனவே பட்டமும் மாளிகையும் தமக்கே உரியன என்றும் வழக்கிட்டார். 1910ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் நடந்த அவ்வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. ஸ்பெயின் நாட்டிலிருந்து சான்றுகள் கொணரப்பட்டன. பெப்பிட்டாவின் முதல் மணத்தைக் குறித்த பதிவேடு திருத்தப்பட்டிருந்தது வெளிப்பட்டது. வழக்கு தள்ளுபடியாயிற்று.

இவ்வழக்கின் உட்பொருள் கொடியது. விக்டோரியா தம் கணவருக்கு மாளிகையைக் காத்துத் தர வேண்டுமானால், தம் தாயார் தந்தையாரை மணக்கவில்லை என்பதும், தாம் மணமுறையின்றிப் பிறந்தவர் என்பதும் நாடறிய நிலைநாட்டப்பட வேண்டும். தம் உடன்பிறந்தானை எதிர்த்தே அவர் வெல்ல வேண்டியிருந்தது. அவ்வாறே வென்றார். வெற்றியோடு திரும்பிய நாளில் செவனோக்ஸ் ஊர்மக்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வடம்பிடித்து இழுத்துச் சென்றனர். அவ்வண்டியில் பெற்றோருடன் அமர்ந்திருந்த விட்டாவுக்கு அப்போது 17 வயது. எந்த மாளிகைக்காகத் தம் பாட்டியின் பெயரும் தாயின் பிறப்பும் பொதுமன்றில் அலசப்பட்டனவோ, அம்மாளிகை ஒருநாளும் தம்மைச் சேராது என்பதை அறிந்தே அவர் அவ்வாரவாரத்தினூடே வந்தார்.

மூன்றாண்டுகளுக்குள் மற்றொரு வழக்கு நேர்ந்தது. குடும்ப நண்பரான சர் ஜான் மரே ஸ்காட் என்னும் பெருஞ்செல்வர் 1912ஆம் ஆண்டில் மறைந்தபோது, விக்டோரியாவுக்கு 1,50,000 பவுன் பணமும் பாரிசில் இருந்த கலைப்பொருள்களும் உயிலில் எழுதிவைத்திருந்தார். அவருடைய உடன்பிறந்தோர் உயிலை எதிர்த்தனர். 1913ஆம் ஆண்டில் நடந்த அவ்வழக்கிலும் விக்டோரியாவே வென்றார்.

மணவாழ்வும் மனப்போராட்டமும்

1913ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் நோல் மாளிகையின் வழிபாட்டுக் கூடத்தில், தூதுத்துறை அலுவலரான ஹெரால்டு நிக்கல்சனை விட்டா மணந்தார். பெனடிக்ட் (1914), நைஜல் (1917) என மைந்தர் இருவர் பிறந்தனர். மணத்திற்குப் பின்னரும் தம் நூல்களில் சாக்வில்-வெஸ்ட் என்னும் பிறந்தகப் பெயரையே அவர் பொறித்தார். கணவர் 1953ஆம் ஆண்டில் வீரத்திருத்தகைப் பட்டம் பெற்ற பின்னும், நிக்கல்சன் சீமாட்டி என்று அழைக்கப்படுவதை அவர் விரும்பவில்லை. மாளிகையைத் தராத குடி, பெயரையேனும் தந்ததே என்பது போல அப்பெயரை அவர் பற்றிக்கொண்டார்.

அவருடைய அகவாழ்வு வழக்கமான வரம்புகளுக்குள் அடங்கியதன்று. இளமைத் தோழி வயலட்டின்மீது கொண்ட காதல் 1918ஆம் ஆண்டில் கட்டுமீறி எழுந்தது. ஆணுடை அணிந்து அவரோடு பாரிசு நகரில் உலவினார். 1920ஆம் ஆண்டு பிப்ரவரியில் இருவரும் இல்லம் துறந்து பிரான்சுக்குச் சென்றபோது, அவர்தம் கணவன்மார் இருவரும் சிறு விமானம் ஒன்றில் ஆமியன் நகருக்குப் பறந்து சென்று மீட்டுவந்தனர். ஹெரால்டும் தம் பாலினத்தாரிடம் நாட்டம் கொண்டவரே. ஆயினும் இருவரும் ஒருவரையொருவர் மறைப்பின்றி அறிந்து, ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அன்புடன் வாழ்ந்தனர். அக்காலத்தைக் குறித்து விட்டா எழுதிப் பூட்டிவைத்திருந்த ஏட்டை, அவர் மறைவுக்குப் பின் கண்டெடுத்த மகன் நைஜல், 1973ஆம் ஆண்டில் நூலாக்கி வெளியிட்டார். குடிப்பெருமையின் பொருட்டு மறைப்பதைவிட உண்மையின் பொருட்டு உரைப்பதே மேல் என அம்மகன் கருதியது குறிப்பிடத்தக்கது.

முன்னோரை எழுதிய மகள்

விட்டாவின் முதல் புதினம் 1919ஆம் ஆண்டில் வெளிவந்தது. மரபுரிமை என்னும் பொருள்படும் 'ஹெரிடேஜ்' என்பதே அதன் பெயர். ஆங்கில உழவர் குடியில் கலந்த ஸ்பானியக் குருதி, தலைமுறைகள் கடந்தும் இயங்குவதை அது பேசுகிறது. பெப்பிட்டாவின் பெயர்த்தி எழுதிய முதல் கதை அவ்வாறு அமைந்தது இயல்பே.

1922ஆம் ஆண்டில் 'நோலும் சாக்வில் குடியினரும்' என்னும் வரலாற்று நூலை வெளியிட்டார். மாளிகையின் ஆவணங்களைத் தாமே ஆராய்ந்து எழுதிய நூல் இது. ஏர்ல்களின் வாழ்வை மட்டுமன்றி, 1613 முதல் 1624 வரை அம்மாளிகையில் யார் யார் எந்தப் பந்தியில் அமர்ந்து உண்டனர் என்னும் பட்டியலையும் அதில் சேர்த்தார். சமையலாள், சலவைப் பெண், குதிரை காப்போன், ஆப்பிரிக்க நாட்டினர் இருவர் என நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதனால் உலகறியலாயின. குடிவரலாறு என்பது பட்டம் பெற்றோரின் வரலாறு மட்டுமன்று என்பதற்கு அப்பட்டியலே சான்று.

அடுத்த ஆண்டில் அவர் பதிப்பித்த நூல் இன்னும் பொருள் பொதிந்தது. அது ஆன் கிளிஃபர்டு சீமாட்டியின் (1590–1676) நாட்குறிப்பு. கம்பர்லண்ட் ஏர்லின் ஒரே மகளான ஆன், மூன்றாம் டார்செட் ஏர்லை 1609ஆம் ஆண்டில் மணந்து நோல் மாளிகைக்கு வந்தவர். தந்தையார் 1605ஆம் ஆண்டில் இறந்தபோது நிலங்களைத் தம்பிக்கு எழுதிவைத்துவிட்டு மகளுக்குப் பொருள் மட்டுமே தந்திருந்தார். அவ்வுயிலை எதிர்த்து ஆன் வழக்காடினார். பொருளைப் பெற்றுக்கொண்டு வழக்கைக் கைவிடுமாறு கணவரும் உறவினரும் வற்புறுத்தினர். 1617ஆம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் மன்னரே முன்னின்று எதிராகத் தீர்ப்பளித்தபோதும் அவர் இணங்கவில்லை. சிற்றப்பாவின் மகன் 1643ஆம் ஆண்டில் ஆண் வாரிசின்றி இறந்த பின்னரே நிலங்கள் அவரை அடைந்தன. அப்போது அவருக்கு 53 வயது. பின்னர் வடநாட்டுக்குச் சென்று, ஸ்கிப்டன், ஆப்பிள்பி, பிரௌம் முதலிய இடங்களில் சிதைந்துகிடந்த தம் முன்னோரின் கோட்டைகளைச் செப்பனிட்டு, முதுமை முழுவதும் அங்கே ஆட்சிசெய்து மறைந்தார். நோல் மாளிகையில் இருந்தவாறு தம் தாயத்துக்காக ஏங்கிய ஒரு பெண்ணின் ஏட்டை, முந்நூறு ஆண்டுகளுக்குப்பின் அதே மாளிகையின் தாயத்தை இழக்கவிருந்த மற்றொரு பெண் பதிப்பித்தார். முன்னவருக்குக் காலம் கைகொடுத்தது, பின்னவருக்குக் கொடுக்கவில்லை.

1926ஆம் ஆண்டில் 'தி லேண்ட்' என்னும் நெடும்பாட்டு வெளிவந்தது. கெண்ட் மாவட்ட உழவர்களின் ஓராண்டுத் தொழிலைப் பருவந்தோறும் பாடும் இந்நூல், 1927ஆம் ஆண்டின் ஹாதார்ன்டன் பரிசைப் பெற்றது. அதே 1926ஆம் ஆண்டில் எகிப்து, இந்தியா, பாரசீக வளைகுடா வழியாகத் தெஹரானில் பணியாற்றிய கணவரிடம் சென்ற பயணத்தையும் விட்டா தனிநூலாக எழுதினார்.

இழப்பும் ஈடும்

1928ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் மூன்றாம் சாக்வில் பிரபு மறைந்தார். இறுதிச் சடங்கிற்கான ஏற்பாடுகளைச் செய்தவர் விட்டாவே. அவை முடிந்ததும் பட்டமும் மாளிகையும் அவருடைய சிற்றப்பா சார்லசை அடைந்தன. 36 ஆண்டுகளாகத் தம் இல்லமென எண்ணிய இடத்துக்கு இனி விருந்தினராகவே செல்ல முடியும் என்னும் நிலை விட்டாவைத் தாக்கியது. அவ்வாறு செல்வதையும் அவர் பெரும்பாலும் தவிர்த்தார்.

அதே ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் அவ்விழப்புக்கு ஈடாக ஒரு நூல் வந்தது. 1922ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாகி, பின்னர் அவரை ஆழ்ந்து நேசித்த வர்ஜீனியா உல்ஃப் எழுதிய 'ஆர்லாண்டோ' அது. எலிசபெத் அரசியின் காலத்தில் இளம் பிரபுவாகத் தோன்றும் ஆர்லாண்டோ, மூப்படையாமல் நூற்றாண்டுகளைக் கடந்து, இடையே பெண்ணாக மாறி, தன் சொத்துரிமைக்கு வழக்காடி வென்று, 1928ஆம் ஆண்டுவரை வாழ்வதாகக் கதை செல்கிறது. கதையில் வரும் மாளிகை நோல் மாளிகையே. நூலில் இடம்பெற்ற ஒளிப்படங்களுள் சில விட்டாவின் உருவங்களே. நாட்டின் சட்டம் எடுத்துக்கொண்ட மாளிகையை ஒரு நட்பு இலக்கியத்தில் எழுப்பித் திருப்பித் தந்தது. விட்டாவுக்குப் பரிசாக வழங்கப்பட்ட அந்நூலின் கையெழுத்துப் படி பின்னாளில் நோல் மாளிகையிலேயே காப்பில் வைக்கப்பட்டது. உரிமை மறுக்கப்பட்டவரைப் பற்றிய ஏடு, மறுக்கப்பட்ட இடத்துக்கே சென்று சேர்ந்தது.

1930ஆம் ஆண்டில் விட்டா எழுதிய 'தி எட்வர்டியன்ஸ்' என்னும் புதினம் பெருவரவேற்புப் பெற்றது. செவ்ரன் என்னும் பெயரில் நோல் மாளிகையை அதில் நிறுத்தி, அதன் அழகை எழுதிய அதே கையால், உயர்குடியினரின் வீண் ஆரவாரத்தையும் போலி ஒழுக்கத்தையும் அவர் எழுதினார். மறு ஆண்டில் வந்த 'ஆல் பேஷன் ஸ்பெண்ட்' என்னும் புதினத்தில், இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக இருந்தவரின் கைம்பெண், 88ஆம் வயதில் முதன்முறையாகத் தனக்கென வாழத் துணிகிறார். பாட்டியும் தாயும் வாழ்ந்த கதையை 1937ஆம் ஆண்டில் 'பெப்பிட்டா' என்னும் நூலாக்கினார். நீதிமன்றத்தில் இழிவாகப் பேசப்பட்ட பெயரை நூலின் முகப்பில் பெருமையுடன் பொறித்தார்.

தாமே படைத்த தாயம்

1930ஆம் ஆண்டில் கெண்ட் மாவட்டத்திலேயே சிசிங்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் பாழடைந்து கிடந்த ஒரு பழங்கோட்டையை விட்டா விலைக்கு வாங்கினார். 18ஆம் நூற்றாண்டின் ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுப் போர்க்கைதிகளை அடைத்துவைத்த இடம் அது. பின்னர் ஏழையர் விடுதியாகவும் பண்ணையாட்களின் குடியிருப்பாகவும் இருந்து சிதைந்தது. எஞ்சியவை ஒரு செங்கற் கோபுரமும் சில சுவர்களும் குப்பைமேடுகளுமே. எனினும் ஒரு செய்தி அவரை ஈர்த்தது. அக்கோட்டை ஒருகாலத்தில் பேக்கர் குடும்பத்துக்கு உரியது. அக்குடும்பத்தில் பிறந்த சிசிலி பேக்கர்தான் நோல் மாளிகையைப் பெற்ற தாமஸ் சாக்வில்லின் மனைவி. ஆண்வழித் தாயம் மூடிய கதவை, பெண்வழி முன்னோர் ஒருவரின் பிறந்தகம் திறந்துவைத்தது.

ஹெரால்டு கோடுகளை வரைந்தார். விட்டா செடிகளை நட்டார். சுவர்களுக்கும் வேலிகளுக்கும் இடையே அறை அறையாகத் தோட்டம் உருவாயிற்று. மாளிகையின் அறைகளில் வளர்ந்தவர், கூரையில்லா அறைகளைச் செடிகொடிகளால் எழுப்பினார் எனலாம். பழைய ரோசாக்கள் நிறைந்த பகுதியும், வெண்மலர்களும் சாம்பல் இலைகளும் மட்டுமே கொண்ட வெண்தோட்டமும் உலகப் புகழ் பெற்றன. கோபுரத்தில் அமைந்த எழுத்தறையில் அமர்ந்து பணியாற்றினார். வர்ஜீனியா உல்ஃபும் அவருடைய கணவரும் தம் பதிப்பகத்தில் பயன்படுத்திய அச்சுப் பொறியும் அக்கோபுரத்தில் இடம்பெற்றது. 1938ஆம் ஆண்டு முதல் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் பொதுமக்கள் தோட்டத்தைக் காண வந்தனர். வந்தவர்களோடு செடிகளைப் பற்றி உரையாடுவது விட்டாவுக்கு விருப்பமானது. 1946 முதல் 1961 வரை 'அப்சர்வர்' இதழில் அவர் எழுதிய தோட்டக் கட்டுரைகள் எளிய இல்லத்தாரையும் சென்றடைந்தன. 1946ஆம் ஆண்டில் 'தி கார்டன்' என்னும் நெடும்பாட்டு வெளிவந்தது. நாட்டின் உயரிய சிறப்புகளுள் ஒன்றான 'கம்பேனியன் ஆஃப் ஆனர்' விருது 1948ஆம் ஆண்டில் அவருக்கு வழங்கப்பெற்றது.

முரண்கள்

விட்டாவைக் குறையற்றவராகக் காட்டுவது அவருக்கே உடன்பாடாகாது. உயர்குடிச் செருக்கு அவரிடம் இறுதிவரை இருந்தது. எளியோர் உழைப்பைக் கவிதையில் போற்றியவர், சமூகம் சமநிலை நோக்கி நகர்ந்ததை அச்சத்துடனேயே நோக்கினார். ஆண்வழி உரிமையால் தமக்கு நேர்ந்த இழப்பை எண்ணி வருந்திய அளவுக்கு, அத்தகைய மாளிகைகள் எவருடைய உழைப்பின்மேல் நின்றன என்பதை அவர் எண்ணவில்லை. ஆயினும் அவர் அச்சேற்றிய பந்திப் பட்டியலே அவ்வினாவைப் பிறர் எழுப்பத் துணைநின்றது.

நோல் மாளிகையின் மேலாண்மைச் செலவு பெருகவே, நான்காம் சாக்வில் பிரபு 1946ஆம் ஆண்டில் அதனைத் தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். அவ்வொப்படைப்பு விட்டாவின் நெஞ்சில் புதுப்புண்ணாயிற்று. எனினும் அவ்வறக்கட்டளை வேண்டியபோது, வருவோர்க்கான வழிகாட்டி நூலை மறுக்காது எழுதிக்கொடுத்தார். சிசிங்ஹர்ஸ்டையும் அவ்வாறே ஒப்படைக்கலாம் என்று மகன் கூறியபோது மட்டும் சினந்து மறுத்தார். ஒருமுறை இழந்தவர் மறுமுறை இழக்க ஒருப்படவில்லை.

நிறைவு

1962ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் சிற்றப்பா சார்லஸ் மறைந்தார். ஒரு திங்கள் நிறைவதற்குள், ஜூன் 2ஆம் நாள், புற்றுநோயால் விட்டாவும் சிசிங்ஹர்ஸ்டில் மறைந்தார். அவர் ஆணாகப் பிறந்திருந்தாலும் நோல் மாளிகை 34 ஆண்டுகளே அவருக்கு உரியதாக இருந்திருக்கும். அம்முப்பத்து நான்கு ஆண்டுகளில் அவர் எழுதியவையும் நட்டவையும் அம்மாளிகையின் உரிமையைவிட நெடிது வாழ்கின்றன.

அவருடைய சாம்பல், எழுதுமேசையில் மைக்கூடாக இருந்த சிறிய இளஞ்சிவப்புச் சலவைக்கற் பேழையில் வைக்கப்பட்டு, சசெக்ஸ் மாவட்டத்து விதியம் தேவாலயத்தில் சாக்வில் குடியினரின் நிலவறையில் சேர்க்கப்பட்டது. மாளிகையில் இடம் தராத குடி, மைக்கூட்டின் வடிவில் வந்தவருக்கு முன்னோர் நடுவே இடம் தந்தது.

மகன் நைஜல் 1967ஆம் ஆண்டில் சிசிங்ஹர்ஸ்டைத் தேசிய அறக்கட்டளையிடம் அளித்தார். நோல் மாளிகையில் ஆண்வழி விதி மாறவில்லை. ஆறாம் சாக்வில் பிரபுவுக்குப் பெண்மக்கள் ஐவர் இருந்தனர். 2004ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது பட்டம் உடன்பிறந்தாரின் மகனுக்கே சென்றது. அரியணைக்கு ஆணும் பெண்ணும் நிகரெனச் சட்டம் 2013ஆம் ஆண்டில் இயற்றிய நாடு, பிரபுக்களின் பட்டத்துக்கு அதனை நீட்டவில்லை.

தாயம் என்பது பெறுவது மட்டுமன்று, தருவதும் ஆகும். பெறும் வகையில் விட்டா தோற்றவர். தரும் வகையில் அவர் குடியில் அவருக்கு நிகரானவர் முதல்வராகிய தாமஸ் சாக்வில் ஒருவரே. நோல் மாளிகையின் கூடங்களைக் காண வருவோரில் பலர், அம்மாளிகைக்கு உரியவர்களாக இருந்த பிரபுக்களின் பெயர்களை அறியார். உரிமை மறுக்கப்பட்ட மகளின் பெயரை அறிந்தே வருகின்றனர்.